சுங்கை சிப்புட் வீட்டில் ஹோம் அசிஸ்டன்ட்: எஸ்எஸ்டி போட்டால் போதுமா?

#1 பால்மரம்_சிப்புட்

வணக்கம். வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி). அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். எனக்கு ஈப்போவில் வேலை, வார இறுதியில்தான் போவேன்.

சர்வராக ஓடுவது ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினி, 4 ஜிபி. அதில் 32 ஜிபி எஸ்டி கார்டு, வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ், கருவிகளோடு வயர் இல்லாமல் பேச ஒரு ஜிக்பீ டாங்கிள். வாசல் விளக்கு, சாமி மேடை விளக்கு, தண்ணீர்த் தொட்டி மோட்டார், கதவு சென்சார்கள், மின்செலவு காட்டும் பிளக்குகள் சில, எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

சாயங்காலம் மழை பிடிக்கும், இடி இடிக்கும், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) விழும். அப்பா போய்த் தூக்கிவிடுவார். பை மறுபடி எழும். எழுந்தாலும் சில சமயம் பழைய கிராஃப் எதையும் காணோம். போன வாரம் எழவே இல்லை. கார்டை லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன், அங்கேயும் படிக்கவில்லை.

கார்டை விட்டு எஸ்எஸ்டிக்கு (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். பை 4-ஐயே வைத்துக்கொண்டு சாட்டா எஸ்எஸ்டியை யூஎஸ்பி பெட்டியில் போட்டு மாட்டினால் போதுமா, இல்லை பை 5 வாங்கி என்விஎம்இ (இன்னும் வேகமான எஸ்எஸ்டி ரகம்) போடவா? கையில் 300 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அதற்கு மேல் போனால் வீட்டில் கேள்வி வரும்.

#2 லயன்வீட்டு_லினக்ஸ்

பை 4 தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தை மின்சாரப் பக்கம் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் கார்டுக்கு வந்தது இரண்டு வியாதி. ஒன்று தேய்மானம். ஹோம் அசிஸ்டன்ட்டில் ரெக்கார்டர் என்று ஒரு பகுதி உண்டு. சென்சார்கள் சொல்வதையெல்லாம் ஒரு எஸ்க்யூலைட் (டேட்டாபேஸ்) கோப்பில் அது எழுதிக்கொண்டே இருக்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 விநாடிக்கு ஒரு முறை டிஸ்க்கில் இறக்கும். இறக்குவது சில கிலோபைட்தான். ஆனால் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கமாக, அழிப்பது மட்டும் பெரிய பிளாக்காக, மெகாபைட் கணக்கில். துளி எழுத்துக்காக ஒரு பிளாக்கையே நகர்த்தி, அழித்து, திரும்ப எழுத வேண்டி வரும். எஸ்டி கார்டின் கன்ட்ரோலர் (கார்டை நிர்வகிக்கும் சிப்) சிறியது, டிராம் (தற்காலிக நினைவகம்) கிடையாது. இந்தச் சுமையைப் பரவலாகப் பங்கிடும் சாமர்த்தியம் அதற்குக் குறைவு. கேமராவில் படம் சேமிக்கச் செய்த பொருள் அது.

எஸ்எஸ்டி இந்த வியாதியை ஏறக்குறைய முழுதாகத் தீர்த்துவிடும். 250 ஜிபி சாம்சங் 870 ஈவோவுக்கு 150 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். உங்கள் சர்வர் நாளுக்கு 5 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 80 ஆண்டு ஆகும். விலை குறைந்த ரகத்தில் இதில் பாதிதான் இருக்கும், அதுவும் நம் காலத்துக்குப் போதும்.

இன்னொரு வியாதி, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. எந்தத் தகவல் எங்கே கிடக்கிறது என்ற கணக்கைக் கன்ட்ரோலர் தனக்குள் வைத்திருக்கும். அதைத் திருத்தும் நேரத்தில் மின்சாரம் நின்றால் கார்டு மொத்தமாகப் படுத்துவிடும். உங்களுடையது லேப்டாப்பிலும் படிக்கவில்லை என்றால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டி இங்கே பாதி மருந்துதான். கரண்ட் போனதும் மிச்ச வேலையை முடித்துக்கொள்ள உதவும் கெப்பாசிட்டர்கள் டேட்டா சென்டர் ரகத்தில் இருக்கும். நாம் கடையில் வாங்கும் எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் இருக்காது. கார்டைவிட நன்றாகத் தாங்கும், அவ்வளவே.

கிராஃப் காணாமல் போவதும் இதோடு சேர்ந்ததே. டேட்டாபேஸ் கெட்டிருந்தால் ஹோம் அசிஸ்டன்ட் அந்தக் கோப்பின் பெயரில் 'கரப்ட்' என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒன்றைத் தொடங்கும். ஒதுக்கிய கோப்பு அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பார்த்து அழித்துவிடுங்கள்.

#3 செம்பனைச்சாலை

வழக்கம்போல எல்லாரும் பை, பை. இரண்டாம் கை மினி பிசி ஒன்று வாங்குங்கள். ஆபீசுகள் கழித்துவிடும் தின் கிளையன்ட் (சின்ன ஆபீஸ் கணினி) கூடப் போதும். எஸ்எஸ்டி உள்ளேயே நேராக மாட்டும், யூஎஸ்பி பெட்டி, கேபிள், டாங்கிள் என்று தோரணம் கட்ட வேண்டாம். ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸின் எக்ஸ்86 (சாதாரண பிசிக்கான) வடிவத்தை ஏற்றினால் வேலை முடிந்தது. சும்மா இருக்கும்போது 6 முதல் 10 வாட் இழுக்கும். பையைவிடக் கொஞ்சம் கூடுதல், பில்லில் தெரியாது.

#4 லயன்வீட்டு_லினக்ஸ்

> இரண்டாம் கை மினி பிசி ஒன்று வாங்குங்கள்

புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் இதையேதான் சொல்வேன். ஆனால் இவரிடம் நல்ல பை 4 கையில் இருக்கிறது. மூன்று நான்கு வாட்டில் ஓடும், மாதத்துக்கு மூன்று யூனிட் வராது. அதைவிட முக்கியம், 5 வோல்ட்டில் ஓடும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சின்னக் கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் போதும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இது பெரிய வசதி. மினி பிசிக்கள் பல 19 வோல்ட் கேட்கும்.

சரி, பால்மரம், செய்ய வேண்டியது. 240 அல்லது 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, நம்பிக்கையான பிராண்ட். இணையக் கடையில் 2 டெராபைட் 40 வெள்ளி என்று வரும், தொட வேண்டாம். உள்ளே சின்ன எஸ்டி கார்டை வைத்து ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு அது. எது வாங்கினாலும் எஃப்3 என்ற கருவியால் ஒரு முறை முழுதாக எழுதிப் படித்துப் பாருங்கள்.

பிறகு எஸ்எஸ்டியை லேப்டாப்பில் மாட்டி, ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸை நேராக அதிலேயே எழுதுங்கள். 2020 செப்டம்பருக்குப் பிறகு வந்த பூட்லோடர் (பையை எழுப்பும் மென்பொருள்) இருந்தால் பை 4 யூஎஸ்பியிலிருந்தே எழும். எஸ்டி கார்டை முதலில் தேடும், இல்லையென்றால் யூஎஸ்பிக்குப் போகும். ஆகவே கார்டைக் கழற்றிவிட்டால் போதும், எதையும் திருத்த வேண்டாம்.

கார்டிலேயே பூட் ஆகி, தரவை மட்டும் எஸ்எஸ்டிக்கு நகர்த்தும் வழியும் உண்டு. அமைப்புகளில் சேமிப்பகம் பகுதியில் 'டேட்டா டிஸ்க்கை நகர்த்து' என்று இருக்கும். சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் என்ற நிலையில் இருப்பதால் கார்டில் அதிகம் எழுதாது. எனக்கு அது பிடிக்காது. கெடுவதற்கு ஒரு பொருள் இருந்த இடத்தில் இரண்டு ஆகிவிடும்.

#5 ஈப்போ_வயர்மேன்

தம்பி, எல்லாரும் டிஸ்க்கைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒவ்வொரு மழைக்கும் ஆர்சிசிபி ஏன் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லையே?

இடி நம் வீட்டுக் கூரையில் விழ வேண்டும் என்றில்லை. எங்கோ மின்கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்தாலும் கம்பியில் சர்ஜ் (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சல்) வரும். வீட்டுக் கருவிகளில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும், அவற்றின் வழியாக அது எர்த்துக்கு ஓடும். போன கரண்டும் திரும்பின கரண்டும் சமமில்லை என்றதும் ஆர்சிசிபி விழும். அதன் வேலையே அதுதான், அதைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் லேசான இடிக்கே விழுகிறது என்றால் வீட்டில் ஏற்கெனவே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 30 வரை காத்திருக்காது. 15-ஐத் தாண்டினாலே விழலாம், விதியிலேயே அப்படித்தான். பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, தண்ணீர் இறங்கிய வெளி விளக்கு ஒன்று, மோட்டார் ஒன்று, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கசிந்து 12-க்கு வந்து நிற்கும். மிச்சத்தை இடி பார்த்துக்கொள்ளும். மழைக் காலத்தில் அதிகம் விழுவதற்கு ஈரமும் ஒரு காரணம். வாசல் விளக்கின் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே எறும்புக் கூடு இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு மூன்று வேலை செய்யச் சொல்லுங்கள். எர்த் கம்பியின் ரெசிஸ்டன்ஸை அளக்க வேண்டும். பழைய தாமான் வீடுகளில் அந்தக் கம்பி துருப்பிடித்து, கிளாம்ப் தளர்ந்து, பேருக்கு நிற்கும். டிபி பெட்டியில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) சர்ஜ் அரெஸ்டர் போட வேண்டும். எர்த் சரியில்லாமல் அரெஸ்டர் போடுவது வீண், அதனால் இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். பிறகு வெளி விளக்கு, மோட்டார் இரண்டையும் தனித்தனி ஆர்சிபிஓவில் (ஒரு சுற்றை மட்டும் காக்கும் கசிவு பிரேக்கர்) பிரித்துவிடுங்கள். அவை விழுந்தால் அவை மட்டும் விழும், உங்கள் சர்வரும் ஃபிரிட்ஜும் ஓடும்.

தானாகவே தூக்கிவிடும் ஆர்சிசிபி என்று ஆன்லைனில் விற்கிறார்கள். உண்மையான கசிவில் விழுந்ததையும் அது தூக்கிவிடப் பார்க்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எனக்கு அதில் சம்மதம் இல்லை.

அப்புறம், தொட்டி மோட்டாரை எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

#6 பால்மரம்_சிப்புட்

நன்றி அண்ணே. மோட்டார் அரைக் குதிரைத்திறன். 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஜிக்பீ ரிலேயில் மாட்டியிருக்கிறேன். அரைக் குதிரைத்திறன் என்றால் 400 வாட் கூட இல்லை, 10 ஆம்பியர் ரிலே தாங்கும் என்றுதான் கணக்கு.

#7 ஈப்போ_வயர்மேன்

பெட்டியில் எழுதியிருக்கும் 10 ஆம்பியர் ஹீட்டர், பல்பு மாதிரியான சுமைக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் ரிலேயின் கான்டாக்ட் கொஞ்சம் உருகும், ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டி வழியும், அல்லது கீழ்த்தொட்டி காய்ந்து பம்ப் சீல் வெந்துவிடும்.

டிபி பெட்டியின் டின் ரெயிலில் மாட்டும் கான்டாக்டர் (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலே) ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். மிதவை சுவிட்சையும் அதே காயில் வயரில் தொடராகப் போடுங்கள். அப்போது சர்வர் செத்தாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கும். கம்ப்யூட்டர் சொன்னால்தான் மோட்டார் நிற்கும் என்ற நிலையில் எந்த வீட்டையும் வைக்காதீர்கள்.

#8 பீடோர்க்காரி

வயர்மேன் அண்ணன் சொன்னதை விளக்குகளுக்கும் சேர்த்துப் படியுங்கள். எங்கள் வீட்டில் முதலில் ஸ்மார்ட் பல்புதான் போட்டோம். என் மாமியார் சுவரில் சுவிட்சை அணைத்துவிடுவார், பல்புக்குக் கரண்டே போகாது, பிறகு ஆட்டோமேஷன் எங்கிருந்து வேலை செய்யும்? அவரைக் குறை சொல்லி என்ன பயன். சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலேக்கு மாறினோம். சுவிட்ச் வயர் ரிலேயின் உள்ளீட்டில் போவதால் சர்வர் இல்லாத நேரத்திலும் விளக்கு எரிகிறது, அணைகிறது.

ஒரு சிக்கல் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். இங்கே பல வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வயர் வராது. நியூட்ரல் தேவைப்படாத ரிலே தனியாகக் கிடைக்கும், சோனாஃப் ஸிபிமினி எல்2 போல. ஆனால் அந்த ரகம் ஜிக்பீ சிக்னலை அடுத்த கருவிக்குக் கடத்தாது. தூரத்தில் இருக்கும் சென்சார்களுக்கு நடுவே ஒரு ஜிக்பீ பிளக்கையாவது ரிப்பீட்டராக வையுங்கள்.

#9 கிந்தா_கரை

நடுவில் ஒரு கேள்வி. என்னிடம் பழைய பை 3 சும்மா கிடக்கிறது. அதில் எஸ்எஸ்டி மாட்டி இதைச் செய்யலாமா?

#10 லயன்வீட்டு_லினக்ஸ்

64 பிட் வடிவத்தைப் போட்டால் ஓடும். 32 பிட் ஆதரவு 2025.12 பதிப்போடு முடிந்துவிட்டது. ஆனால் 1 ஜிபி ராம், யூஎஸ்பி 2 மட்டும், அதையும் நெட்வொர்க் போர்ட்டோடு பங்கு போட வேண்டும். 3பி மாடலில் யூஎஸ்பி பூட்டுக்கு ஒரு முறை நிரந்தரமாக ஒரு பிட்டை எழுத வேண்டும், 3பி பிளஸ்ஸில் அது ஏற்கெனவே உண்டு. நாலு விளக்குக்குச் சரி. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

#11 பால்மரம்_சிப்புட்

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் மாற்றிவிட்டேன். 240 ஜிபி எஸ்எஸ்டி, யூஎஸ்பி 3 பெட்டி. பூட் ஆனது, பேக்கப்பிலிருந்து எல்லாம் திரும்பி வந்தது, ஆப் திறக்கும் வேகமே வேறு.

சந்தோஷம் ராத்திரி வரைதான். திடீரென்று எல்லாம் உறைந்துவிட்டது. வெளியே பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் சரியாகிறது, சில மணி நேரம் கழித்து மறுபடி அதே கதை. திரையை மாட்டிப் பார்த்தபோது லாகில் 'யூஏஎஸ்', 'அபார்ட்' என்று வரிசையாக ஓடியது. இன்னொன்று, கதவு சென்சார்கள் இரண்டு 'கிடைக்கவில்லை' என்று காட்டுகின்றன. கார்டில் ஓடியபோது அவை நன்றாக இருந்தன.

பவர், பழைய போன் சார்ஜர். 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது.

#12 செம்பனைச்சாலை

தோரணம் என்று சொன்னேனே.

#13 லயன்வீட்டு_லினக்ஸ்

சொன்னீர்கள், சரி. ஆனால் இதெல்லாம் தீர்க்கக்கூடியவைதான்.

பால்மரம், உங்களுக்கு ஒரே நேரத்தில் மூன்று பிரச்சினை. ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் பவர். பை 4-க்கான அதிகாரபூர்வ அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அந்த 0.1 கேபிளில் விழும் வோல்ட்டுக்காகவே வைத்தது. போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் சேர்ந்தால், எஸ்எஸ்டி இழுக்கும் நேரத்தில் பைக்கு வரும் வோல்ட் 4.63-க்குக் கீழே போய்விடும். அங்கேதான் பை 'மின்னழுத்தம் குறைவு' என்று குறித்துக்கொள்ளும். ஹோம் அசிஸ்டன்ட்டில் ராஸ்பெரி பை பவர் சப்ளையைச் சோதிக்கும் சென்சார் ஒன்று உண்டு, அதைப் பாருங்கள். யூஎஸ்பி போர்ட்டுகள் நான்கும் சேர்த்தே பை 4-இல் 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும். எஸ்எஸ்டி உச்சத்தில் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். டாங்கிள் வேறு இருக்கிறது.

பை 5 வாங்கியிருந்தாலும் இதிலிருந்து தப்பியிருக்க மாட்டீர்கள். அதற்கு 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். 3 ஆம்பியர் கொடுத்தால் யூஎஸ்பி மொத்தத்துக்கும் 600 மில்லி ஆம்பியராகக் குறைத்துவிடும்.

அடுத்தது அந்த 'யூஏஎஸ்' வரிகள். யூஎஸ்பி பெட்டிக்குள் சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் பிரிட்ஜ் சிப் ஒன்று இருக்கும். யூஏஎஸ் என்பது அதனோடு வேகமாகப் பேசும் முறை. சில சிப்களின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) லினக்ஸோடு அந்த முறையில் பேசும்போது திக்கித் தொங்கிவிடும். அடாப்டரை மாற்றிய பிறகும் இது வந்தால் யூஏஎஸ்ஸை அந்தப் பெட்டிக்கு மட்டும் அணைத்துவிடலாம். எஸ்எஸ்டியை லேப்டாப்பில் மாட்டி, பூட் பகுதியில் இருக்கும் கமாண்ட் லைன் கோப்பில், இருக்கும் ஒரே வரியின் கடைசியில், யூஎஸ்பி ஸ்டோரேஜ் குவிர்க் என்ற அளவுருவையும் உங்கள் பெட்டியின் அடையாள எண்ணையும் சேர்க்க வேண்டும். புது வரி போடாதீர்கள், பூட் ஆகாது. எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், வரியை எழுதித் தருகிறேன். வேகம் குறையும், ஆனால் ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு அது தெரியவே தெரியாது. இதில் விருப்பமில்லை என்றால் ஏஎஸ்மீடியா 1153இ சிப் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், பை 4-உடன் ஒத்துப்போகும் என்று நல்ல பெயர் அதற்கு.

கடைசியாகக் கதவு சென்சார். டாங்கிளை எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறீர்கள், சரிதானே? யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் வெளியேறும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஜிக்பீயும் அதே பட்டை. தூரத்தில் இருக்கும் பேட்டரி சென்சாரின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் கேட்காமல் போகிறது. டாங்கிளை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றி, ஒரு மீட்டருக்குக் குறையாத எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள். இந்தப் பட்டியலிலேயே விலை குறைந்த மருந்து அதுதான்.

#14 பீடோர்க்காரி

அந்தக் கேபிளுக்கு என் ஓட்டும் உண்டு. டாங்கிள் வாங்கும்போதே சேர்த்து வாங்க வேண்டிய பொருள்.

தம்பி, பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சீலிங்குக்கு மேலே வைத்துவிடாதீர்கள். மதியம் கூரைக்குக் கீழே இருக்கும் சூட்டில் பை 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றாடி வைத்த பெட்டியும் எனக்குப் பிடிக்கவில்லை, எறும்பும் பல்லியும் உள்ளே குடி போய்விடுகின்றன. முழு அலுமினியப் பெட்டி, காற்றாடி இல்லாதது, ஹாலில் திறந்த அலமாரியில். அவ்வளவு போதும்.

#15 பால்மரம்_சிப்புட்

அதிகாரபூர்வ அடாப்டர் போட்டாயிற்று, டாங்கிள் ஒன்றரை மீட்டர் தள்ளி ஜன்னல் ஓரம் போயிற்று. சென்சார்கள் அன்றே திரும்பி வந்துவிட்டன. உறைவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. லினக்ஸ் அண்ணன் அனுப்பிய வரியைச் சேர்த்த பிறகுதான் நின்றது.

வயர்மேன் வந்து பார்த்தார். வெளி விளக்கு ஒன்றில் தண்ணீர், எறும்புக் கூடும் உண்டு. எர்த் கிளாம்ப் கையால் ஆட்டினால் ஆடியது. புதுக் கம்பி அடித்து, அரெஸ்டர் போட்டு, இரண்டு ஆர்சிபிஓ, மோட்டாருக்குக் கான்டாக்டர். 300 வெள்ளிக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அப்பா மட்டும் மறுபேச்சு இல்லாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். சர்வருக்கு என்றால் கொடுத்திருக்க மாட்டார், எர்த் என்றதும் கொடுத்தார்.

இப்போது மிச்சம், கரண்டே போகும் நாட்கள். யூபிஎஸ் எது நல்லது?

#16 லயன்வீட்டு_லினக்ஸ்

யூபிஎஸ்ஸில் என் கருத்து கொஞ்சம் வேறு மாதிரி. கணினிக் கடையில் விற்கும் 230 வோல்ட் யூபிஎஸ், பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர்கள் மறுபடி 12-ம் 5-ம் ஆக்கி, நடுவில் பாதியைச் சூடாக்கிவிடும். ரவுட்டர், ஃபைபர் பெட்டி, பை மூன்றும் டிசியில் ஓடுபவை. 12 வோல்ட் டிசி யூபிஎஸ் ஒன்று வாங்கி, பைக்கு மட்டும் 12-லிருந்து 5.1 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். 7 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 84 வாட் மணி. அதில் 60 உருப்படியாகக் கிடைக்கும். மூன்றும் சேர்ந்து 18 வாட் என்று வைத்தால் மூன்று மணி நேரம் ஓடும். ஈய அமில பேட்டரிக்கு நம் ஊர் வெக்கை ஆகாது, இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டி வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

பெரிய யூபிஎஸ் வாங்கி, என்யூடி (யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் மென்பொருள்) மூலம் 'பேட்டரி குறைந்தால் பையை நிறுத்து' என்று ஆட்டோமேஷன் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பை நின்ற பிறகு, பேட்டரி முழுதாகக் காலியாகும் முன்பே கரண்ட் வந்துவிட்டால் பைக்குப் போகும் மின்சாரம் அறவே அறுபடவில்லை. அதனால் பை தானாக எழாது. ஊரில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும், உங்கள் சர்வர் மட்டும் தூங்கும். ஈப்போவிலிருந்து நீங்கள் போன் போட்டு அம்மாவைப் பிளக்கைப் பிடுங்கச் சொல்ல வேண்டும். யூபிஎஸ்ஸே வெளியீட்டை வெட்டித் திரும்பக் கொடுக்கும் வசதி இருந்தால் ஒழிய அந்த வழிக்குப் போகாதீர்கள்.

#17 பீடோர்க்காரி

ரவுட்டரையும் அதே பேட்டரியில் வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. பை 4-இல் தனிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் பை எழுந்துவிடும், ரவுட்டர் மெதுவாக எழும், அதுவரை பைக்கு மணி தெரியாது, கடைசியாக நினைவில் இருந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் விடிந்த பிறகு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்த மர்மம் இதுதான். பை 5-இல் கடிகாரம் இருக்கிறது, சின்ன பேட்டரி மட்டும் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

#18 செம்பனைச்சாலை

மினி பிசிகளிலும் இருக்கிறது.

பேக்கப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எஸ்எஸ்டி எச்சரிக்கை கொடுத்துவிட்டுச் சாகும் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் காலையில் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். 2025.1 பதிப்பிலிருந்து தானியங்கி பேக்கப் உள்ளேயே வந்துவிட்டது, அடுத்த மாதப் பதிப்பில் கூகுள் டிரைவுக்கும் அனுப்ப முடிந்தது. நாம் எதையும் மாற்றாவிட்டால் அது மறையாக்கம் செய்துதான் சேமிக்கும். அதற்கான சாவி இருக்கும் 'அவசரக் கோப்பை' இறக்கி, அந்த வீட்டுக்கு வெளியே வையுங்கள். அதே எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிராஃப் வரலாறு வேண்டாம் என்றால் பேக்கப்பில் அதை விட்டுவிடலாம். தோட்டப்புற இணையத்தில் ராத்திரி முழுக்க ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

#19 லயன்வீட்டு_லினக்ஸ்

முதல் முறையாகச் செம்பனையோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

அந்தக் கிராஃப் கோப்பையே சிறியதாக வைக்கலாம். மின்செலவு பிளக்குகள்தான் முதல் குற்றவாளி. வோல்ட், ஆம்பியர், வாட் என்று ஒவ்வொரு பிளக்கும் சில விநாடிக்கு ஒரு தடவை கத்தும். ரெக்கார்டர் அமைப்பில் வோல்ட்டையும் ஆம்பியரையும் விலக்கிவிடுங்கள், யூனிட் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 5 விநாடியை 30 ஆக்குங்கள். வரலாறு 10 நாளுக்கு மேல் இயல்பாகவே அழிந்துவிடும். ஆனால் நீண்டகாலப் புள்ளிவிவரம் மணிக்கு ஒன்றாகத் தனியே சேரும், அதை அழிக்காது. மாத பில்லை ஒப்பிட அதுவே போதும்.

#20 பால்மரம்_சிப்புட்

எல்லாம் செய்துவிட்டேன். நேற்று சாயங்காலம் நல்ல இடி. வெளி விளக்கின் ஆர்சிபிஓ மட்டும் விழுந்தது, மற்றவை ஓடின. பேக்கப்பை வேறொரு கார்டில் ஏற்றி, இங்கே ஈப்போவில் இருக்கும் இன்னொரு பையில் எழுப்பிப் பார்த்தேன், வந்தது.

டிசி யூபிஎஸ் வாங்கப் போகிறேன். ரவுட்டர் 12 வோல்ட் 1.5 ஆம்பியர், ஃபைபர் பெட்டி 12 வோல்ட் 1 ஆம்பியர். பிளக் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாமா?

#21 ஈப்போ_வயர்மேன்

கொடுக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளிச்சுற்று இரண்டிலும் 5.5 மில்லிமீட்டர் இருக்கும், உள்துளை 2.1-ஆ 2.5-ஆ என்று பார்க்க வேண்டும். 2.5 பின்னில் 2.1 பிளக் ஏறாது. 2.1 பின்னில் 2.5 பிளக் ஏறும், ஆனால் தொளதொளவென்று இருந்து அடிக்கடி விட்டுப் போகும். நடுவில் பாசிட்டிவா என்று அடாப்டரின் படத்தைப் பார்த்து, மீட்டர் வைத்தும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். பைக்குப் போகும் வயரில் ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கன்வெர்ட்டர் பழுதானால் 12 வோல்ட் நேராகப் பைக்குள் போகாதபடி, மின்னழுத்தம் கூடினால் வெட்டும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

#22 பால்மரம்_சிப்புட்

இரண்டும் 2.1, நடுவில் பாசிட்டிவ். வெட்டும் வசதி உள்ள கன்வெர்ட்டரையே ஆர்டர் போட்டுவிட்டேன் அண்ணே.